ஈரச் சட்டை ரிலே

எங்கள் வீட்டில் தாய்மாமன் மடிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் அண்ணன், என்னைவிட இரண்டே வயது மூத்தவன். இன்னொருவன் நான். அக்காவின் மூத்த பையனுக்குக் காது குத்தும்போது அண்ணன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். மூத்தவனாயிற்றே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதாகப் பெண் பிறந்ததும், இவள் என் மடிக்கு என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். தினமும் வீடியோ காலில் என்னைப் பார்த்ததும் போனை நக்குகிற குழந்தை அவள். ஆனால் காதுகுத்துக்கு முதல் நாள் அண்ணன் பட்டு வேட்டியோடு வந்து நின்றான்.

"மூத்தவன் இருக்கறப்ப இளையவன் மடியில உட்கார வைக்கிற பழக்கம் நம்மள்ட்ட இல்ல" என்றான்.

காதுகுத்து வரிச்சிக்குடியில், எங்கள் குலதெய்வக் கோயிலில். அக்காவும் அத்தானும் பெங்களூரிலிருந்து வந்து, திருநள்ளாறு ரோட்டில் நீச்சல் குளம் உள்ள ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருந்தார்கள். அன்று காலை எல்லோரும் திருநள்ளாறு போனோம். நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ஈரத் துணிகளைக் கரையிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து சனீஸ்வரரைக் கும்பிட்டோம். சாயங்காலம் லாட்ஜ் குளத்தில் இறங்கிய பிறகும் அண்ணனும் நானும் மடி வழக்கை விடவில்லை. கேட்டுக் கேட்டு அத்தானுக்கே அலுத்துவிட்டது.

"எங்க ஆபீஸ் அவுட்டிங்ல ஒரு ரிலே விளையாடுவோம். அதுல யார் டீம் ஜெயிக்குதோ அவங்க மடி. சரியா?" என்றார்.

குழந்தையோடு கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா சரி என்று தலையாட்டினாள். விளையாட்டு இதுதான். அணிக்கு இரண்டு பேர், அணிக்கு ஒரு டீ-ஷர்ட். முதல் ஆள் அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கரைவரை நீந்தித் திரும்ப வேண்டும். வந்ததும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் அதே சட்டையை மாட்டிக்கொண்டு போய்வர வேண்டும். எங்களோடு வந்திருந்த சித்தப்பாவுக்கு விதைநெல் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த இரண்டு டீ-ஷர்ட்டுகள் அவர் பையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சித்தப்பா நுழையலாம்.

சித்தப்பா அண்ணனோடு சேர்ந்தார். எனக்கு அத்தான்தான் மிச்சம். சித்தப்பா வாய்க்காலில் குதித்து வளர்ந்த ஆள். அத்தான் அவுட்டிங்கில் வளர்ந்த ஆள். அக்கா கை தட்டியதும் சித்தப்பா ஒரே பாய்ச்சலில் போய்த் தொட்டுத் திரும்பிவிட்டார். அத்தான் அப்போதுதான் போகிற வழியில் பாதி தாண்டியிருந்தார். சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகு பானை போல உப்ப, மனுஷன் நீந்துகிறாரா மிதக்கிறாரா என்றே தெரியவில்லை. மடி கைநழுவுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை, சித்தப்பாவின் சட்டை காதில் சிக்கிக்கொண்டது. ஈரத் துணி உடம்போடு ஒட்டினால் லேசில் வராது. அவர் தலையை உள்ளே வைத்துக்கொண்டு திணறுகிற நேரத்தில் நான் அண்ணன் பக்கமாக நகர்ந்தேன். அண்ணனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுகிறவன். காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட மாட்டான்.

"அண்ணே, காலையில தண்ணியில நனைஞ்ச துணியெல்லாம் என்ன பண்ணோம்?"

"கரையில விட்டுட்டு வந்தோம். ஏன்?"

"அத எவனாவது எடுத்துப் போட்டுக்கிட்டா?"

"சனி அவனப் புடிச்சுக்கும்" என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

"சித்தப்பாவுக்கு இப்ப அஷ்டமச் சனில்ல?" என்றேன், மிகவும் பணிவாக.

அதே நேரம் சித்தப்பா சட்டையை உருவி நீட்டினார். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"புடிடா, மாட்டு" என்றார் சித்தப்பா.

"கிட்ட வராதீங்க சித்தப்பா."

சித்தப்பா சட்டையை அவன் மேல் வீசினார். அண்ணன் தண்ணீருக்குள் முங்கினான். அவன் எழுந்த இடத்துக்கே சட்டையும் மிதந்து வந்தது. மறுபடியும் முங்கினான். இதற்குள் அத்தான் மெல்ல வந்து சேர்ந்தார். அவர் சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, எதிரே ஒருவரும் இல்லாத குளத்தில் சாவகாசமாக நீந்திப் போய்த் திரும்பி வந்தேன்.

"ஜெயிச்சாச்சு. மடி எனக்கு" என்றேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீ அவன்கிட்ட குசுகுசுன்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அத்தானுக்கு இப்ப கண்டகச் சனி. அவரு தண்ணியில கழட்டுன சட்டைய நீதான போட்டுருக்க?"

குனிந்து பார்த்தேன். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது லாட்ஜுக் குளம். குளோரின் தண்ணி. இதுல சனி எங்க வந்துச்சு?"

"அத நீ அவன்கிட்ட சொல்லியிருக்கணும். எம்புள்ளய உன் மடியில உட்கார வைக்க முடியாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தண்ணீரில் நின்றுகொண்டே கெட்டேன். "அப்ப எனக்கு வுட்டுருச்சா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். பிறகு, ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியானவர் போல எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கு அந்த டீ இறங்கவில்லை. விளையாட்டை விட்டுத்தள்ளலாம். அந்தக் குழந்தை என் மடியில் உட்காராது என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கோயிலில் அண்ணன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தை அவன் மடியில். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை அலறிய அலறலில் நாதஸ்வரக்காரரே நிறுத்திவிட்டார். அவள் அண்ணனின் சட்டையைப் பிய்த்து, முகத்தில் அறைந்து, காலால் உதைத்தாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆசாரி அடுத்த கம்பியை எடுத்தார்.

அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான். கூட்டத்தில் என்னைத் தேடினான்.

"ரெண்டு காது இருக்குல்ல. எல்லா உதையும் நான் ஒருத்தனே வாங்கணுமா?" என்றான். பிறகு நகர்ந்து இடம் விட்டான். "வந்து உட்காருடா, சனியனே."

அக்காவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். அண்ணன் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தான்.