பிரவுசரில் உட்கார்ந்த பிள்ளையார்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு, ‘நல்லா ஓடுது’ என்று சொல்ல யாரும் போன் போடுவதில்லை. திறந்தவுடன் மூடிக்கொள்ளும் பிரவுசரைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு தலைவலி. எனக்கு காரைக்குடி வட்டாரத்துத் தலைவலி மொத்தமும். ஒரே காலையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

செக்காலையில் கொஞ்சம் பயம்

செக்காலை ரோட்டில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார் காதர் பாய். அவருடைய பிரவுசர் ஒரு கணம் முகம் காட்டிவிட்டு மறைந்தது. அது தனக்கென்று சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளில் ஏதோ கெட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சீக்கிரமாக வேலை முடியும்.

அழிக்கப் போனபோது பாய் என் கையைப் பிடித்துவிட்டார். டிக்கெட் தளம், பேங்க், மெயில் என்று அத்தனை பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருந்தன. எனக்கும் பக்கென்றது. பழைய கோப்புகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பாஸ்வேர்டு இருந்ததை மட்டும் பத்திரமாக எடுத்துப் புதிதில் சேர்த்தேன். அது திறக்கிறவரைக்கும் பாய் உட்காரவே இல்லை. திறந்த பிறகு சொன்னார்: “பாஸ்வேர்டெல்லாம் அதுக்குத்தான் தம்பி தெரியும். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருன்னே யாருக்கும் தெரியாது.”

குன்றக்குடி தாண்டியதும்

பாய் கடையில் இருக்கும்போதே நாச்சியாபுரத்திலிருந்து உமையாள் அழைத்திருந்தாள். காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண். அன்று பதினொரு மணிக்கு ஒரு கம்பெனியின் தேர்வு, ஆன்லைனில். போனில் எழுத முடியாது, லேப்டாப்பில்தான், அதுவும் அந்த ஒரு பிரவுசரில்தான் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்று வரை ஓடிய பிரவுசர் இன்று திறந்ததும் மூடிக்கொள்கிறது. நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள்.

குன்றக்குடி தாண்டியதும் மறுபடி போன். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். பிரவுசரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டும் பார்த்துவிட்டாளாம், அதே கதைதான். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். எனக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. “அண்ணே, இதுக்கு முன்னாடி எழுதுன எதுவுமே அமையல. இதையும் விட்டுட்டா எனக்குத் தெம்பு இல்லண்ணே, வெரசா வாங்க.”

குற்றவாளி யார்?

அந்த வீட்டில் உமையாளும் அவளுடைய அப்பச்சி, அதாவது அப்பா, சிதம்பரமும்தான். அம்மா இல்லை. சிதம்பரம் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று எங்கேயோ போய் விழுந்தது.

பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணை நிரல்களை நிறுத்தி வைத்துத் திறந்தேன். திறந்தது! அப்படியானால் அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாக ஓட விட்டுப் பார்த்ததில் அகப்பட்டவர், சாட்சாத் பிள்ளையார். எதைத் தொடங்கினாலும் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று, முதல் நாள் சாயங்காலம் சிதம்பரம் அண்ணன்தான் எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார். பிரவுசரைத் திறந்தால் மணி அடித்துப் பிள்ளையார் தீபாராதனையோடு வருவாராம். வந்தார், பிரவுசரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் முகம் செத்துவிட்டது. பிள்ளையார்பட்டி வழியாகப் போனால் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகாதவன் நான். என் விரலும் பட்டன் மேலே அப்படியே நின்றுவிட்டது. எடுத்த பிறகு தேர்வில் ஏதாவது ஆனால், ஆயுசுக்கும் பழி என் தலையில்தான். அண்ணன் கேட்டார்: “பரீட்சைக்குப் போற நேரத்துல பிள்ளையாரத் தூக்கச் சொல்றீகளே தம்பி, இது அடுக்குமா?”

மஞ்சளும் மவுஸும்

உமையாள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பச்சியை மட்டும் பார்க்கவில்லை. அண்ணன் விறுவிறுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டே திரும்பி வந்தார். கூம்பாகப் பிடித்து, தலையில் அருகம்புல்லைச் செருகி, லேப்டாப் பக்கத்திலேயே ஒரு தட்டில் உட்கார வைத்தார். சொட்டுகிற கை கீபோர்டுக்கு மேலே போய்ப் போய் வந்தது. தேர்வுக்கு நிமிடங்கள்தான் பாக்கி. நான் நடுவில் என் கையை நீட்டித் தடுத்துக்கொண்டு, மனதுக்குள் இரண்டு பிள்ளையாரையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கும்பிட்டு முடித்துவிட்டு, பிரவுசர் பிள்ளையாரை எடுக்கிற பட்டனை மஞ்சள் விரலால் அவரே அழுத்தினார். பிரவுசர் திறந்தது, திறந்தபடியே நின்றது. உமையாள் உள்ளே போகவும் தேர்வு தொடங்கவும் சரியாக இருந்தது. அண்ணன் நிதானமாகக் கையைத் துடைத்தார். “அவர அங்க இருந்து கெளப்புறதுன்னா, மொதல்ல இங்குட்டு ஒரு எடம் போட்டுக் குடுக்கணும்ல தம்பி.”

பிறகு வந்த போன்

சில வாரங்கள் கழித்துச் சிதம்பரம் அண்ணன் பேர் போனில் வந்தது. மறுபடியும் மூடிக்கொண்டதா என்று கேட்டேன். இல்லையாம். உமையாளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், மறுநாள் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாளாம். சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன். அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவகிட்டச் சொல்லிறாதீக தம்பி. அன்னைக்கு அது தெறக்காமயே இருந்திருக்கலாமோன்னு இப்பத் தோணுது.”

மூடிக்கொண்டதைத் திறந்து கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. திறந்த பிறகு வீட்டில் ஏற்படும் கோளாறுக்கு எந்தக் கடையிலும் சர்வீஸ் கிடையாது.