முடிச்சுக்கு மேலே மண்ணிற வளையம்

1. பொரளையில் முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்க வேண்டியவள். வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் பொரளையில் இறங்கினேன். யுத்த காலம். ஆய்வுகூடத்துக்குப் போகும் வீதியின் தொடக்கத்தில் செக்பொயின்ற். ஆமிக்காரன் என் அடையாள அட்டையை, ஐ.சி.யை, வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

“கொஹெத யன்னே?”

எங்கே போகிறாய் என்று கேட்கிறான். கேள்வி விளங்குகிறது, பதில்தான் வரவில்லை. பரீட்சைக்குப் படித்த சிங்களம் பரீட்சையோடு போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், “மே அபே நங்கி, அத தமய் வெடட்ட ஆவே” என்றது. எங்கள் தங்கச்சி, இன்றுதான் வேலைக்கு வந்தாள் என்று சொல்லிவிட்டு, ஆமிக்காரனின் ஊரையும் விசாரித்தது. அவன் சிரித்துக்கொண்டே ஐ.சி.யைத் தந்தான்.

அப்படித்தான் அன்ரன் அண்ணையைத் தெரிய வந்தது. கொட்டாஞ்சேனைக்காரர், எங்கள் ஆய்வுகூட டெக்னீஷியன், நான் வரப்போவது அவருக்கு முன்பே தெரியும். துறைமுகத்துச் சனங்களோடு வளர்ந்ததால் அவருடைய சிங்களத்தில் தமிழன் என்ற வாடையே இராது.

“சிங்களம் வராட்டிச் சிரிக்கவாவது பழகுங்கோ தங்கச்சி. சிரிச்சா அரைவாசி ஆமி விட்டிருவான்.”

“மற்ற அரைவாசி?”

“அதுக்குத்தானே நான் இருக்கிறன்.”

அன்று தொடங்கி, காலையில் அவர் பஸ் தரிப்பிடத்தில் எனக்காகக் காத்து நிற்பார். மாலையிலும் சேர்ந்தே வெளியே வருவோம். செக்பொயின்றில் கதைப்பது அவர், சிரிப்பது நான்.

2. வளையம் வராத கிழமைகள்

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலுக்குப் போகும் நரம்புக் கலத்தின் உடல் முள்ளந்தண்டில் இருக்கிறது. அதன் இழை கால் விரல் வரை போகிறது. இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு மேலே, கல உடலில்தான் உருவாகிறது. அவற்றைச் சுமந்துகொண்டு போகவென்றே வேறு புரதங்கள் உண்டு. இழைக்குள் ஓடும் நுண்குழாய்களைப் பிடித்துக்கொண்டு அவை அடி எடுத்து வைத்து நடக்கின்றன. ஒரு வகை கீழே கொண்டுபோகிறது, இன்னொரு வகை மேலே திரும்பக் கொண்டுவருகிறது. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதை எங்களிடம் இருந்த சாமான்களை வைத்தே காட்டலாம். மயக்கிய எலியின் தொடை நரம்பில் பட்டுநூலால் முடிச்சுப் போட வேண்டும். சில மணி நேரம் கழித்து நரம்பை எடுத்து மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி ஸ்டெயின் பண்ணினால், கீழே போக முடியாமல் தேங்கிய புரதம் முடிச்சுக்கு மேலே மண்ணிற வளையமாகத் தெரியும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் நரம்பு நசியும், தளர்ந்தால் எல்லாம் கடந்து போய்விடும். அன்ரன் அண்ணையின் முடிச்சு எப்போதும் ஒரே அளவாக இருக்கும். தமிழர் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம்; போட்டுக்கொண்டே பகிடி விடுவார்: “கொழும்பில பொலிஸ் பதிவு இல்லாமச் சீவிக்கிறது இந்த எலியள் மட்டுந்தான்.”

பிறகு வளையம் வராமல் போகத் தொடங்கியது. ஒரு எலியில் மங்கலாகத் தெரியும், அடுத்ததில் ஒன்றும் இராது.

“ஸ்டெயின் பழசு. புதுசாக் கலக்குங்கோ” என்றார் சேர். அவர் எங்கள் பேராசிரியர், படிப்பால் நரம்பு மருத்துவர். கலந்தேன். பிறகு தண்ணீரைச் சந்தேகித்தேன், போத்தலைச் சந்தேகித்தேன், கரண்ட் வெட்டில் ஃப்ரிட்ஜ் நின்றதைச் சந்தேகித்தேன். அவற்றில் பிழை இல்லை என்று கண்ட பிறகுதான் முடிச்சையே லென்ஸுக்குக் கீழே வைத்தேன். ஊசியால் தொட்டதும் நூல் வழுக்கியது.

“அண்ணை, முடிச்சு இறுகேல்லை.”

“தெரியும்” என்று அவர் வலது கையை மேசையில் வைத்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில் ஏதோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

சேரைக் கூப்பிட்டேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். நாக்கும் அதேமாதிரித் துடித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“சொல்லுங்கோ சேர். நான் எலி இல்லை.”

மோட்டார் நியூரோன் நோய். ஆஸ்பத்திரியிலும் பிறகு அதையேதான் சொன்னார்கள். தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த கலங்களைப் பார்த்தால், இழை தொடங்கும் இடத்தில் புரதம் தேங்கி வீங்கியிருக்கும். அந்தத் தேக்கம் நோயின் காரணமா, விளைவா என்பது யாருக்கும் தெரியாது. மருந்து இல்லை.

“நாக்கும் போகுமோ சேர்?”

“ஓம் அன்ரன். உமக்கு அது கெதியா, காலுக்கு முதலே போகும் போலதான் கிடக்கு.”

“காலைப் பற்றிக் கவலை இல்லை, இழுத்துக்கொண்டு வந்திடுவன். நாக்குப் போனா இந்தச் செக்பொயின்றை எப்பிடிச் சேர் தாண்டுறது?”

3. சட்டைப்பை அட்டை

சில மாதங்களில் அவருடைய சிங்களம் குழறத் தொடங்கியது. முதலில் பிசகியது அந்தச் சுத்தமான உச்சரிப்புத்தான். குடித்திருக்கிறாரோ என்று ஆமிக்காரர்கள் கிட்டே வந்து வாயை முகர்ந்து பார்த்தார்கள்.

நாங்கள் கூடி யோசித்து ஒரு அட்டை செய்தோம். “இவர் குடித்திருக்கவில்லை, நரம்பு நோயாளி” என்று சிங்களத்தில் எழுதி, சேர் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார். மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு, நானே அவருடைய சட்டைப்பையில் வைத்துவிட்டேன். எங்களுக்கு அதில் பெருமைதான்.

ஒரு பின்னேரம் செக்பொயின்றில் புதிய ஆட்கள் நின்றார்கள். நான் பெண்கள் வரிசையில் நின்றேன். அன்ரன் அண்ணையிடம் ஒருவன் “பீலாத?” என்று கேட்டான். குடித்திருக்கிறாயா என்ற கேள்வி. அவர் தலையாட்டி மறுத்து, கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். விரல்கள் அட்டையைப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் வழுக்கியது. கை பைக்குள்ளேயே நின்று துழாவியது.

பைக்குள் இருந்து வெளியே வராத கை ஆமிக்காரனுக்கு வேறு அர்த்தம். துவக்கின் குழல் நிமிர்ந்தது. முழங்காலில் இருத்தினார்கள். நான் கத்தினேன், தமிழில். அதோடு இரண்டு பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் ஒரு பொலிஸ்காரன் பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் அட்டை வெளியே வந்தது. அதற்குள் அவர் முகம் வீங்கிவிட்டது.

விரல் எப்படிச் சாகிறது என்று நாள் முழுக்கக் கதைக்கிற நாங்கள், விரல் இருந்தால்தான் எடுக்க முடிகிற அட்டையைச் செய்திருந்தோம்.

4. மகே அய்யா

அட்டையைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் போட்டேன். “நேசரிக்குப் போற பிள்ளை மாதிரி” என்று குழறினார். பிறகு என்னை இருத்திச் சிங்களம் சொல்லித்தந்தார். என் உச்சரிப்புப் பிழைத்தால் தலையாட்டுவார், திரும்பச் சொல்லுவேன். “மே மகே அய்யா. பீலா நெஹெ. லெடெக்.” இவர் என் அண்ணா, குடித்திருக்கவில்லை, நோயாளி. அவருக்கு இருந்த சொற்கள் நாளுக்கு நாள் குறைய, எனக்குக் கூடிக்கொண்டு வந்தன. அவர் வேலைக்கு வந்த கடைசி நாள்வரை அந்த வரியைச் செக்பொயின்றில் நான்தான் சொன்னேன். கைபிடித்து நடப்பவர் அவர், கதைப்பவள் நான். முடிச்சும் என் வேலையானது.

அவரை அடக்கம் செய்யக் கொண்டுபோன வாகனத்தையும் பொரளையில் மறித்தார்கள். ஆமிக்காரன் வாகனத்தின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, “கவுத?” என்றான். யார் என்று கேட்கிறான். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி பிலோமினா அக்கா என் கையைப் பிடித்தார்.

“மகே அய்யா” என்றேன். சிரிக்கவில்லை. ஆமிக்காரன் தடையை விலக்கினான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சேர் கேட்டதால் இதை எழுதினேன். ஸ்டெயின் கலக்கும் முறை சுவரில் ஒட்டியிருக்கிறது. எலி பிடிப்பதை நான் காட்டித் தருவேன். வளையம் வராவிட்டால் மட்டும் ஸ்டெயினோடு மினக்கெடாமல், முதலில் முடிச்சுப் போட்டவரின் கையைப் பாருங்கள்.