பெரட்டுக்கு வந்த பிள்ளைகள்

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தாலி கட்டுவதாகச் சொன்னவன் ஓடிப்போனான். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் என் கைக்குழந்தையை விடப் போனால், "அப்பன் இல்லாத புள்ளைக்கு இங்க எடமில்ல" என்றார் கங்காணி. எதிர்த்துப் பேசப் பயந்து, தேயிலைச் செடியடியில் அவளைப் படுக்கவைத்துவிட்டு வேலை செய்தேன். வந்து பார்த்தால் கழுத்தெல்லாம் அட்டை! என் அலறலில் எல்லாப் பெண்களும் ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அத்தனை தாய்மாரும் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அழுகைச் சத்தத்தில் தோட்டத்துத் துரை பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

"அவ புள்ளைய சேத்துக்கிட்டாத்தான் எங்க புள்ளைங்களயும் விட்டுட்டு மலைக்குப் போவோம்ங்க தொரை!" என்றாள் லயத்தில் என் பக்கத்து வீட்டு மாரியாயி.

துரை இறங்கிவந்தார்; அன்றே என் மகளையும் பிள்ளைக்காம்பராவில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்து வருடம் ஓடிவிட்டது; சென்ற வாரம் மகளைப் பள்ளியில் சேர்த்தேன். வாத்தியார், "தகப்பன் பேரு?" என்றார். நான் தலை குனியவில்லை.

"அம்மா பேர எழுதுங்க சார்."

எழுதினார்.