சனத்தைக் கூட்டிவிடு

ஸியாம் சிக்னல் கம்பத்தை நகர்த்தப் போனான். மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது மீராசாஹிபின் ஆடு. ஆட்டைத் திரும்ப வைத்துவிட்டு மறுபடி கம்பத்தைத் தொட்டான். இந்த முறை ஒரு வேப்பமரம் வேரோடு எழும்பியது. மூன்றாம் முறை கல்குடாப் புஸ்பம் தன் கருவாட்டுக் கூடையுடன் அந்தரத்தில் தொங்கினாள்.

"அல்லாஹ்வே, அவவ இறக்குங்க! கூடை சரியப் போகுது" என்றாள் பின்னால் நின்ற மனைவி றிஸானா.

இதெல்லாம் நடந்தது ஸியாமின் லெப்டொப்புக்குள். ஓட்டமாவடிக்காரனான ஸியாமுக்கு முப்பத்துமூன்று வயது. கத்தாரில் ஏசி திருத்துகிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் அறைக்கூட்டாளிகள் கிரிக்கெட் பார்க்க, இவன் ரயில் சிமுலேட்டர் ஓட்டுவான். கம்பியூட்டருக்குள் உண்மையான ரயில் மாதிரியே ஓட்டுகிற விளையாட்டு அது. ஜெர்மனி மலையில் ஓட்டினான், ஜப்பான் பாலத்தில் ஓட்டினான். ஒரு வெள்ளிக்கிழமை, "எங்கட மட்டக்களப்புப் பாதை மட்டும் ஏன் இதில இல்ல?" என்று கேட்டான். தானே கட்டத் தொடங்கிவிட்டான். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரை தண்டவாளம், சிலிப்பர் கட்டை, வாவியோரக் கண்டல், வயல் வட்டை, கொக்கு என்று மூன்று வருடம் போனது. கொக்குக்கு மட்டும் பதினொரு நாள்.

இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தபோது கதை பரவியது. அங்கே பிடித்தது வினை. பள்ளிவாசலடியில், சந்தையில், தேத்தண்ணிக் கடையில், எங்கே கண்டாலும் ஒரே கேள்வி.

"என்னையும் போட்டியா?"

ஸியாமுக்கு இல்லை என்று சொல்ல வராது. எல்லாரையும் போட்டான். சிமுலேட்டரில் கிடைத்த ஆட்களோ முழுக்க வெளிநாட்டார். குளிருக்குக் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். ஆறே ஆறு வகை. அவர்களுக்குச் சாரமும் சேலையும் நிறம் பூசி, பிரதி எடுத்து எடுத்து நிரப்பினான். வாழைச்சேனை ஸ்டேசனில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆடும் இல்லை அதில். ஒரு செம்மறியைச் சுருக்கி மண்ணிறம் அடித்தான்.

ரயில் கேற்றடியில் குடியிருக்கும் மீராசாஹிப், ஸியாமுக்கு அண்ணன் முறை, அதைக் குனிந்து பார்த்தார். "இது என்ட ஆடில்லடா. வெள்ளைக்காரன்ட ஆடு. முழிக்கிற முழியப் பாரு."

"காக்கா, ரயில் போற வேகத்தில முழி தெரியாது."

"எனக்குத் தெரியும்."

உலகம் முழுக்கப் பாதை கட்டுகிறவர்களின் இணையக் குழு ஒன்று உண்டு. அது ஏற்றுக்கொண்டால் அந்தப் பாதை பட்டியலில் ஏறும், யாரும் எடுத்து ஓட்டலாம். ஸியாம் அனுப்பினான். திருப்பி அனுப்பினார்கள். "வாழைச்சேனையில் ரயில் திக்குகிறது. திருத்தி அனுப்பவும்." சிக்னல் இடம் பிசகினதுதான் காரணம் என்று நினைத்துக் கம்பத்தை நகர்த்தப் போய்த்தான், ஆடும் மரமும் புஸ்பமும் கையோடு வந்தது. கடைசித் தவணை ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி. தவறினால் அடுத்த வருடம்தான். ஸியாமின் ப்ளைட் செவ்வாய்க்கிழமை. கத்தாருக்குப் போய் முதல் வெள்ளிக்கிழமை, அந்தப் பட்டியலிலிருந்தே தன் ஊரை எடுத்து, அறைக்கூட்டாளிகள் பார்க்க ஓட்ட வேண்டும். மூன்று வருடமாக அவர்களிடம் அடித்த வாய்க்கு வேறு வழியில்லை.

குழுவில் ஒருவன் ஒற்றை வரி எழுதியிருந்தான்: "லேயர் பாவிக்கவில்லையா?"

இல்லை. மூன்று வருடத்துச் சாமானையும் ஒரே குவியலாகப் போட்டிருந்தான். அன்று பின்னேரமே உட்கார்ந்து பிரித்தான்.

"கண்ணாடித் தாள் மாதிரி" என்று றிஸானாவுக்கு விளக்கினான். "ஒரு தாளில தண்டவாளம். அதுக்கு மேல இன்னொரு தாளில மரம். மறுகா கட்டடம், ஆடுமாடு, சனம். எல்லாத் தாளையும் அடுக்கிப் பார்த்தா முழு ஊர். நான் சிக்னலத் தொடேக்க மற்றத் தாளெல்லாத்தையும் பூட்டி வைக்கலாம். மறைச்சும் வைக்கலாம்."

மரத் தாளை மறைத்தான். ஊர் மொட்டையாக நின்றது. றிஸானா வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டடத் தாளை மறைத்தான். ஸ்டேசன் போய்விட்டது, கூரை மேல் இருந்த காகங்கள் மட்டும் வெறும் வானத்தில் வரிசையாகக் குந்தியிருந்தன. இருவரும் சிரித்துச் சிரித்து, மறைத்து, காட்டி, மறைத்து, தேத்தண்ணி ஆறிப் போனது. பிறகு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சிக்னல் கம்பத்தைத் தொட்டான். கம்பம் மட்டும் வந்தது. நல்ல பிள்ளை மாதிரி வந்தது.

ஒரு வேலை மிச்சம். "சனம்" என்ற தாள் தனியே, பாதைக்கு வெளியே இருந்தது. அனுப்புவதற்கு முன் அதைப் பாதையோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதை போகும், சனம் வீட்டில் நிற்கும். ஆட்கள் இன்னமும் வந்து கேட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கடைசிக்கு விட்டிருந்தான்.

சனிக்கிழமை பயணம் சொல்லக் காத்தான்குடி மாமி வீட்டுக்குப் போனான். மாமி சாப்பாட்டை மூன்று தரம் போட்டு, தங்கவும் வைத்துவிட்டாள். ஞாயிறு காலை மட்டக்களப்பில் முதல் ரயிலைப் பிடித்தான். வந்தாறுமூலைக்குக் கிட்ட ரயில் நின்றது. தண்டவாளத்தில் எருமைகள் படுத்திருந்தன. ஏழு மணி. வீட்டு இணையத்தில் பாதையை அனுப்பி முடிக்க மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஒன்பதுக்குள் தொடங்க வேண்டும். எருமைகளைப் பார்த்தால் அவசரப்படுகிற மாதிரித் தெரியவில்லை.

ஸியாம் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"றிஸானா, லெப்டொப்பத் திற. வலது பக்கம் பேரெல்லாம் வரிசையா இரிக்கும். சனம் எண்டு இரிக்கா?"

"இரிக்கி."

"அதப் பாதையோட…" இங்கே எருமைகளுக்காக ரயில் நீளமாக ஊதியது. "…கூட்டிவிடு!"

"என்ன?"

"கூட்டு! சனத்தக் கூட்டு! கூட்டிட்டு சேவ் பண்ணி அனுப்பு!"

"முழுச் சனத்தையுமா?"

"ஒராளையும் விடாத!"

றிஸானாவுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. சனம் கூடிப்போச்சு, சனம் கூடிப்போச்சு என்று இரண்டு கிழமையாகப் புலம்பினது அவர்தானே. பெயருக்குப் பக்கத்தில் குப்பைவாளிப் படம் ஒன்று இருந்தது. கூட்டினால் குப்பைவாளிக்குள் போடுவதுதான் முறை. அழுத்தினாள். "நிச்சயமா?" என்று கேட்டது. ஓம் என்றாள். சேவ் பண்ணி, அனுப்பவும் தொடங்கிவிட்டு, அவனுக்குச் செய்தி போட்டாள்: "கூட்டியாச்சு. வாசல் மாதிரிப் பளிச்செண்டு இரிக்கி."

ஸியாம் அதை வாசித்துச் சிரித்தான். ரயில் அசைந்தது. "பளிச்செண்டு" என்ற சொல்லில் சிரிப்பு மெல்ல நின்றது.

வீட்டுக்கு ஓடி வந்து சேர எட்டேகால். அனுப்பலை நிறுத்தினான். பாதையைத் திறந்தான். வாழைச்சேனை ஸ்டேசனில் ஈ காக்கை இல்லை என்று சொல்ல முடியாது, காகம் இருந்தது. ஆடும் நின்றது. சனம் ஒன்றும் இல்லை.

"ஐயோ, என்ன புள்ள செஞ்ச?"

"நீங்கதானே கூட்டச் சொன்னீங்க!"

"நான் சேர்க்கச் சொன்னன்!"

"அப்ப சேர் எண்டு சொல்லியிருக்கலாமே! நான் தும்புத்தடி பிடிக்கிறவள். கூட்டு எண்டா எனக்கு ஒரு கூட்டுத்தான் தெரியும்!"

பென்டிரைவில் இருந்த பிரதி பழையது, சனம் போடுவதற்கு முந்தியது. ஸியாம் தலையில் கை வைத்துக் குந்தினான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நாற்பது நிமிடம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் சனம் வரத் தொடங்கியது. பயணம் போகிறவனைப் பார்க்க வருகிற சனம். மீராசாஹிப் வந்தார். கத்தாருக்குக் கொண்டுபோகக் கருவாட்டுப் பொட்டலத்துடன் புஸ்பம் வந்தாள். பின்னால் இன்னும் இருபத்தைந்து பேர்.

மீராசாஹிப் திரையைப் பார்த்தார். "எல்லாரும் எங்கடா? என்ட ஆடு மட்டும் நிக்கிது."

"றிஸானா கூட்டிட்டா, காக்கா."

"பாத்தியா, ஆடு ஓடல்ல. விசுவாசம்."

றிஸானா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "எல்லாரும் வரிசையா வாங்க! கதை வேணாம். எங்க நிக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்க. அவர் வைப்பார்."

புஸ்பம்தான் முதல். "தம்பி, என்ன வெளியில வைச்சிராத. வெயில். கருவாட்டுக்கு முதல் நான் காஞ்சிருவன். மேடையில, கூரைக்குக் கீழ."

"சரி அக்கா. கூடை?"

"கூடை இல்லாம நான் என்னத்துக்கு அங்க நிக்கிறன்?"

மீராசாஹிப் கேற்றடியைக் காட்டினார். "ஆட்டுக்குப் பக்கத்தில வை. இல்லாட்டி அதக் களவெடுத்துப் போட்டிருக்கிறாய் எண்டு நினைப்பானுகள்."

ஒருவர் மேடையில் கிடக்கிற வாங்கில் குந்த வேண்டும் என்றார், நிற்க ஏலாது, முழங்கால். இரண்டு சகோதரிகள் ஆளுக்கொரு முனை கேட்டார்கள், இருவருக்குள்ளும் ஒரு மாதமாகக் கதைபேச்சு இல்லை. ஸியாமின் விரல்கள் பறந்தன. ஒவ்வொருவரும் தான் நிற்கிற இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுத் திரை முழுக்கக் கைரேகை.

எட்டு ஐம்பதுக்கு றிஸானா மட்டும் மிச்சம்.

"உன்ன எங்க வைக்கிற?"

"மேடையில. கையில தும்புத்தடியோட. ஊரறியக் கூட்டுறன்."

தும்புத்தடியோடு ஒரே ஒரு ஆள் இருந்தது, சிவப்புத் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரி. தொப்பியை நீல முக்காடாக்கினான். இருபத்தெட்டுப் பேர்.

ஓட்டிப் பார்த்தான். எல்லாரும் திரைக்குக் கிட்ட நெருக்கினார்கள். கல்குடா தாண்டி ரயில் வாழைச்சேனைக்குள் நுழைந்தது. திக்கவில்லை. ஒரு சொட்டும் திக்கவில்லை. எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து மேடையில் நின்றது. அப்போதுதான் ஸியாமுக்கு விளங்கியது. திக்க வைத்தது சிக்னலுமில்லை, மரமுமில்லை, கட்டடமுமில்லை. ஆறு வெளிநாட்டாரின் முந்நூறு பிரதிதான் ரயிலை மறித்துக்கொண்டு நின்றது.

"நான்! நான்! அங்க பாருங்க!" இருபத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்த, பக்கத்து வீட்டுக் கோழிகள் மதிலேறின.

ஸியாம் சனத் தாளைப் பாதைத் தாளின் மேல் கொண்டுபோனான். எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "இப்ப சேர்க்கிறன்!"

"சேர்! சேர்!" என்றது சனம்.

எட்டு ஐம்பத்தேழுக்கு அனுப்பத் தொடங்கி, பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. அதுவரை வீட்டில் ஒருவரும் போனைத் தொடக்கூடாது என்பது றிஸானாவின் சட்டம். திங்கள் பின்னேரம் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கத்தாரில் எட்டுப் பேர் ஒரே கட்டிலில் நெருக்கிக்கொண்டிருக்க, ஸியாம் மட்டக்களப்பிலிருந்து ரயிலை எடுத்தான். வந்தாறுமூலையில் எருமை இல்லையே என்று ஒரு கவலை வந்தது. அடுத்த தரம் போடலாம். கேற்றடியில் மீராசாஹிபும் ஆடும். மேடையில் கூரைக்குக் கீழே புஸ்பம். அங்கால, நீல முக்காடு. ஸியாம் ஹோர்னை நீளமாக அடித்தான். அவள் திரும்பவில்லை.

போனை எடுத்தான். "புள்ள, இப்ப ஸ்டேசனுக்குள்ள வந்து ஹோர்ன் அடிச்சன். கேட்டுதா?"

"கேட்டுது, கேட்டுது" என்றாள் றிஸானா. "தள்ளி நில்லுங்க. கூட்டுறன்."