ஆள் கணக்கில் ஒரு தலை அதிகம்

லிங்கி ஆற்றோரம் கிடந்த எங்கள் இடத்தை யாராவது ஊர் என்று சொன்னால் எனக்கு இன்றும் சிரிப்புதான் வரும். ஒரு செம்மண் சாலை, அதன் ஓரத்தில் ஆறு கடைகள். ஜப்பான்காரன் வந்தபின் நான்கு கடைகளைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். மீதி இரண்டிலும் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. ஒரு பக்கம் ஆறு, மற்ற மூன்று பக்கமும் ரப்பர் மரம். பாலத்தில் ஒரு சிப்பாய் நிற்பான். அவனுக்குக் குனிந்து கும்பிடு போடாமல் அக்கரைக்குப் போக முடியாது. அக்கரையில் மட்டும் என்ன இருந்தது? அங்கேயும் ரப்பர் மரம்தான். அதைப் பார்ப்பதற்கு ஒரு கும்பிடு!

ஜனங்களும் ஊருக்குப் பொருத்தமானவர்கள்தான். ஆற்றோரம் மலாய்க்காரர்கள், கடைவரிசையில் சில சீனக் குடும்பங்கள், மேட்டில் பால்மரம் வெட்டும் எங்கள் ஜனங்களின் வரிசை வீடுகளான லயங்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முதல் குண்டுச் சத்தத்திலேயே காரேறிப் போய்விட்டார். நாயை மறக்காமல் ஏற்றிக்கொண்டவர், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணிக்கு அதன்பின் தலைகால் புரியவில்லை. ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, துரையின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒருநாள் மத்தியானம் அவர் நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்கு வந்தார். ஊரில் எத்தனை பேர் என்று ஜப்பான்காரனுக்குக் கணக்கு வேண்டுமாம். இனிமேல் அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்களாம். அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் எங்கள் லயம் வீங்கிவிட்டது. என்றைக்கோ கப்பலேறிப் போன சித்தப்பன்மாரும் புதைத்துப் புல் முளைத்த மாமன்மாரும் வீட்டுக்கு வீடு எழுந்து வந்தார்கள். ஜப்பான்காரன் காதில் பூச்சுற்றிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் கொழுந்தன் குளிர்காய்ச்சலில் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வீட்டுல எத்தனை ஆம்பளை?" என்றார் கிராணி.

"ரெண்டு பேரு ஐயா. இவரு, இவரு தம்பி."

சாவுப் பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட மனுஷன், என்னை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். தன் வீட்டிலும் அவர் இரண்டு தலையைக் கூட்டியிருந்தார் என்பது லயத்துக்கே தெரியும்.

அவர் போனபின் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செத்தவன் பேர்ல சோறு திங்கணுமா, புள்ள?"

"சும்மா இருங்க லா. உங்க தம்பி இருந்தா வேணாம்னா சொல்லும்?"

கொழுந்தன் பங்கு அரிசியைச் சில மாதம் தின்றோம். என்னைப் போல் கெட்டிக்காரி இந்த லயத்தில் இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரியை நினைத்தால் இன்று எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், லாரியோடு ஜப்பான் அதிகாரி வந்து நின்றான். அவன் கையில் அதே நோட்டுப் புத்தகம். சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். இரண்டு ஆம்பளை இருக்கும் வீட்டில் ஒருவன் வர வேண்டும். ஆபீஸ்காரர் வீட்டுக்கு மட்டும் விலக்கு. அவன் யாரையும் தேடி அலையவில்லை. நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோமே!

நான் கிராணியிடம் ஓடினேன். "ஐயா, அவரு தம்பி செத்தது உங்களுக்கே தெரியும். பந்தல்ல உக்காந்தீங்களே! இவரு ஒருத்தருதான் ஐயா எனக்கு!"

கிராணி குரலைத் தாழ்த்தினார். "வாய மூடு. இல்லாத ஆளுக்கு அரிசி வாங்குனது தெரிஞ்சா உம் புருஷன் தலையும் போவும், என் தலையும் போவும். மூணு மாசந்தான், போய்ட்டு வரட்டும்."

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "தம்பி பேர்ல தின்னது நானுந்தானே, புள்ள," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

மூன்று மாதம் மூன்று வருஷம்போல் போனது, அதற்குப் பின்னும் அவர் வரவில்லை. சண்டை முடிந்தபின், அதே லாரியில் போன புக்கிட் பெலண்டோக் தோட்டத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். போன முதல் மழையிலேயே வாந்திபேதியில் உன் புருஷன் போய்விட்டான் என்று அவர்தான் சொன்னார்.

கிராணி தன் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைய வேண்டும். லாரி போன அன்றே, ஏறிப் போனது கொழுந்தன்தான் என்று அவன் பெயரை அடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் பெயர் அப்படியே இருந்தது. நோட்டுப் புத்தகத்தின்படி அவர் எங்கும் போகவில்லை. அதனால் சண்டை முடியும்வரை வாராவாரம் அவர் பங்கு அரிசியை எனக்கு அளந்து போட்டார்கள். நானும் முந்தானையை விரித்து வாங்கினேன். பசித்தது, தின்றேன்.