காப்புக் கட்டும் நாளில் தோல் கயிறு

கைக்கயிறு பின்னித் தரச் சொல்லிக் கேட்டது அவள்தான், என் பஸ் சிநேகிதி. கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஏறிய இரண்டு பெண்கள் ஒரே மாதிரி கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. "நமக்கும் ஒன்னு பின்னேன்டி. எத்தினி வருசமா ஒரே சீட்ல குந்திக்கினு வர்றோம்" என்றாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரித்தேன். சிரித்தாலும் ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு பேரும் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிறோம். நான் ஒடுகத்தூர்க்காரி. அவள் வீடு மேலே, மலையில். விடியற்காலையில் அவள் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார், என்னோடு பஸ் ஏறுவாள்.

வெட்டி மிஞ்சிய கறுப்புத் தோல் கயிற்றை சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்கினேன். மூன்று இழையைத் தண்ணீரில் ஊறவைத்து, நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, இழுத்து இழுத்துப் பின்னினேன். ஈரத்தில் பின்னினால்தான் காய்ந்த பிறகு பின்னல் இறுகி நிற்கும். காய்ந்ததும் மேலே சிவப்பும் மஞ்சளுமாக எம்பிராய்டரி நூலை நெருக்கிச் சுற்றினேன். தோல் கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை. கொக்கி கிடையாது, முடிச்சுதான். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து அவள் இடது மணிக்கட்டில் கட்டினேன். காய்ந்தால் நகத்தால் அவிழ்க்க முடியாத முடிச்சு அது. "சூப்பரா கீதுடி" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒடுகத்தூரில் இறங்கினாள்.

மறுநாள் அவள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. தீச்சட்டி தூக்குகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் பெண் குழந்தை காய்ச்சலில் பிழைப்பதே சந்தேகம் என்று கிடந்தபோது வைத்த வேண்டுதல். ஆனால் மாமியார் சம்மதிக்கவில்லை. தோல் தொடுகிற கை சட்டி தொடக் கூடாது, சட்டி தூக்க வேண்டுமென்றால் கம்பெனியை விடு என்று பிடிவாதம். அந்த அம்மாவுக்கு இவள் வேலைக்குப் போவதே ஆகாது, சாமி ஒரு சாக்கு. கடைசியில் பெரிய மனிதர்கள் நடுவில் பேசி முடித்தார்கள். காப்புக் கட்டியதிலிருந்து திருவிழா முடியும்வரை லீவு போட வேண்டும், தோல் பக்கமே போகக் கூடாது. ஒரு குறை நடந்தாலும் வேலையை விட்டுவிட வேண்டும். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு நேரே மேலே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

இவ்வளவு தெரிந்திருந்தும் எங்கள் இரண்டு பேருக்குமே அந்தக் கயிறு உறைக்கவில்லை. செருப்பைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நான் அவளுக்குத் துணையாக மலை ஏறினேன். அவளும் பர்ஸை, பெல்ட் வைத்த கடிகாரத்தை எல்லாம் ஒதுக்கி வைத்திருந்தாள். நாள் முழுக்கத் தோலிலேயே கிடக்கிறவர்கள் நாங்கள். நூலைச் சுற்றி மூடியதும் அது எங்களுக்கு நூலாகிவிட்டது.

கோயில் முன்னால் சட்டி தூக்குகிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்கும்போதே ஒருத்தி ஒவ்வொருவர் தலையிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வர, அடுத்து பூசாரி மணிக்கட்டில் காப்புக் கட்டுவார். என் சிநேகிதிக்கு முன்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எதிரில் மாமியார், இடுப்பில் பேத்தியோடு.

தண்ணீர் அவள் தலையிலிருந்து கை வழியாக இறங்கியது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் பட்டு உள்ளே தோல் தளர்ந்தது, சுற்றிய நூல் ஒரு பக்கமாக நழுவியது. இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஐயோ, தோல்!

"ஏய், கை" என்றேன். குனிந்து பார்த்தாள். முகத்தில் இருந்த மஞ்சளையும் மீறி வெளுத்துப் போனாள்.

"அவுத்துவுடுடி, சீக்கிரம்."

தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் நெம்பினேன். நனைந்த முடிச்சு வழுக்கியதே தவிர அசையவில்லை. புடவை மடிப்பை அட்ஜஸ்ட் செய்வதுபோல் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளும் தோலும் கலந்து வாயெல்லாம் கசந்தது. வரிசை ஒரு அடி நகர்ந்தது. இன்னும் ஒரு அடி. ஒரு பிளேடு, ஒரு ஊசி, ஒன்றுமில்லை. நாள் பூராவும் கத்திரியும் கையுமாக இருக்கிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து வெறுங்கை. முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடினேன்.

பூசாரி முந்தானையை விலக்கச் சொன்னார். "இது இன்னாம்மா?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நூலுங்க. வெறும் நூலு."

அவர் நம்பிவிட்டார். காப்பை எடுத்து நீட்டவும் செய்தார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இல்லீங்க, உள்ள தோலு" என்றாள். "கம்பெனித் தோலு. மறந்து கட்டிக்கினேன். எம் பொண்ணுக்காகத் தூக்கற சட்டி, பொய் சொல்லித் தூக்க மாட்டேன்."

பம்பை நின்றது. அடிப்பாவி, கெடுத்தாயே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் ஒரே தாவலில் முன்னால் வந்தார். "அப்பவே சொன்னனா இல்லியா? கொற நடந்தா கம்பெனி கெடையாதுன்னு ஊரு முன்னாடி ஒத்துக்கினா. எல்லாரும் கேட்டுக்கோங்க, இன்னியோட முடிஞ்சிது!"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பம்பையில கட்டிக்கீறது இன்னாத்த? அது தோலு இல்லியா?" என்று கத்திவிட்டேன். பம்பைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரோ, மலைக்குக் கீழேயிருந்து வந்த என்னைக் காட்டி, "கீழ்நாட்டுக்காரிக்கு இங்க இன்னா பேச்சு?" என்றார்கள். நான் பேசியதில் காரியம் இன்னும் கெட்டுத்தான் போனது.

"நீ கம்முனு இருடி" என்றாள் அவள் என்னைப் பார்த்து. பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "ஒத்துக்கினேன் அத்த, இல்லேன்னு சொல்லல. ஒத்துக்கினதுதான் தப்பு. கொழந்தைய ஆஸ்பத்திரில சேத்தப்ப கம்பெனி இன்சூரன்ஸ் கார்டுலதான் வைத்தியம் பாத்தாங்க. தோலு தொட்ட இந்தக் கைதான் அவளத் தூக்கிக்கினு ஓடுச்சு. ஆத்தாளுக்கு அது தெரியும். இத அறுத்துட்டு, குளிச்சிட்டு வர்றேன். தண்டனை இன்னா குடுத்தாலும் வாங்கிக்கிறேன். வேலைய மட்டும் வுட மாட்டேன்."

குழந்தை மாமியார் இடுப்பிலிருந்து அம்மாவிடம் தாவப் பார்த்தது, பாட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பூசாரி அவளையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அறுத்துட்டு, குளிச்சிட்டு வரச் சொல்லும்மா. கடைசியில நிக்கட்டும். வேலை சமாச்சாரம் உங்க வூட்டு சமாச்சாரம், அது கோயிலுக்குத் தேவையில்ல."

நான் பின்னியதை நானே அறுத்தேன். கத்தி அவள் தோலில் பட்டுவிடக் கூடாதே என்று என் விரலைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி ஆளாக நின்று காப்புக் கட்டிக்கொண்டாள். திருவிழா அன்றைக்குச் சட்டியும் தூக்கினாள். சட்டி தூக்குகிறவள் பக்கத்தில் வேப்பிலை பிடித்து நடக்க வேண்டிய மாமியார் வரவேயில்லை. நான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவள் லீவு முடிந்த திங்கட்கிழமை, பஸ் ஒடுகத்தூரில் நின்றது. மலைப்பாதைப் பக்கம் அவள் வீட்டுக்காரர் வண்டி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவருக்கு அம்மா பேச்சுதான் வேதம். கொஞ்சம் பொறுங்க அண்ணா என்று டிரைவரிடம் கெஞ்சினேன், அவர் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். முடிந்தது, வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று நினைத்தபோது, எதிரே வந்த பால் வண்டியிலிருந்து ஒருத்தி குதித்து, பஸ் பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

அவள்தான். டிரைவர் பஸ்ஸை நிறுத்த, மூச்சு வாங்க ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அவரு கொணாந்து வுட மாட்டேன்னுட்டாரு. அத்த எங்கிட்ட பேச்சே இல்ல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனி கேட் தெரிந்ததும் எழுந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"இன்னொன்னு பின்னுடி. இந்த வாட்டி நூலு சுத்தாத. தோலு வெளிய தெரியட்டும்."