என் கண்ணுக்குப் போட்டியாக வந்த மெஷின்

ரத்தம் சோதிக்கிறவனுக்குக் கண்தான் மூலதனம். அதற்குப் போட்டியாக ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தால் வயிறு எரியுமா எரியாதா, அனுபவப்பட்டவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

எழுபதுகளில் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தைக் குழாயில் அமிலத்தோடு கலந்து, பக்கத்திலுள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சன்னல் வெளிச்சத்தில் அளவைப் படிக்க வேண்டும். புது மெஷினில் ரத்தத்தை அப்படியே விட்டால் போதும், முள் நகர்ந்து சொல்லிவிடும். கொஞ்ச நாள் இரண்டிலும் பார்ப்போம், சரியாக இருந்தால் மெஷினையே வாங்கிவிடலாம் என்றார் டாக்டர். வாங்கிவிட்டால் எனக்கு மூத்திரப் புட்டிகளைச் சோதிக்கிற வேலைதான். மெஷினை இயக்க, மதுரையில் படித்த நூர்ஜகான் வேறு வந்து சேர்ந்தாள்.

கலப்படம்

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். நான் குழாயில் தண்ணீர் விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் பார்க்கத்தான் என்று விளக்கினேன். முகம் தெளியவில்லை. நாற்காலியை மெஷின் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பால்ல தண்ணி ஊத்துறாக, சரி. என் ரத்தத்துலயுமா? அந்தப் பொட்டி சொல்றதையே எழுதுங்க தம்பி."

மழை நாள்

ஒருநாள் மழையில் கரண்டு போனது. மெஷினின் முள் படுத்துவிட்டது. எனக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது. நூர்ஜகான் பார்க்கட்டும் என்றே மெல்ல நடந்து சன்னலுக்குப் போய்க் குழாயைத் தூக்கிப் பிடித்தேன். வானம் இருண்டு கிடந்ததில் கண்ணாடியும் ரத்தமும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. அவள் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் எரிச்சல்.

"இங்குட்டு வந்து ஒக்காருங்கண்ணே. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதான்."

வீட்டுக்காரி

என் மனைவி முழுகாமல் இருந்தாள். முதல் நாள்தான் அவள் ரத்தத்தை நான் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். மறுநாள் வந்தவள் நேரே மெஷினிடம் போய்க் கையை நீட்டினாள். ஆச்சி போனார், பொறுத்துக்கொண்டேன், இவளுமா? முள் பாதி அளவிலேயே நின்றுவிட்டது, ரத்தம் குறைச்சலாம். மெஷின் பொய் சொல்கிறது என்று கத்தினேன். அதே ரத்தத்தைக் குழாயில் போட்டு, நூர்ஜகானையே படிக்கச் சொன்னேன். அதிலும் குறைச்சல்தான். டாக்டர் இரும்புச்சத்து ஊசி எழுதினார். வீட்டுக்குப் போகும் வழியில், என்னை ஏன் நம்பவில்லை என்று கேட்டேன்.

"கொறச்சல்னா நீங்க தாங்க மாட்டீக. குழாயப் பாத்தாலும் ஒங்க கண்ணு நல்லதத்தான் பாக்கும். அந்த மெஷினுக்கு நான் யாருன்னு தெரியாதுல்ல."

மெஷினையே வாங்கிவிடுங்கள் என்று டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியே கட்சி மாறிய பிறகு வேறு யாரிடம் போய் முறையிடுவது?